கார்டா ஏரியை ஒரே நாளில் சுற்றிவிடலாமா?

கேள்வி (2025 மார்ச் 9, ஞாயிறு)

மியூனிக்கில் இருக்கிறோம். ஆகஸ்ட் 9 சனிக்கிழமை காலை கிளம்பி ஒரு வாரம் இத்தாலியின் கார்டா ஏரிக்குக் காரில் போவதாக இருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், திருச்சியிலிருந்து வரும் அம்மா. அம்மாவுக்கு முட்டிவலி, சுத்த சைவம். ஏரிக்கரை ஊர்களான ரீவாவில் 2 இரவு, சிர்மியோனேயில் 2 இரவு, சாலோவில் 2 இரவு. நடுவில் வெரோனா, வெனிஸ், கார்டாலாண்ட் கேளிக்கைப் பூங்கா. ஏரியின் நீளம் 52 கி.மீ.தானே, ஒரே நாளில் காரில் ஒரு சுற்று வந்துவிடலாம் இல்லையா அண்ணா?

மார்ச் 9, மாலை

வந்துவிடலாம் தம்பி. இறங்கிப் பார்க்கத்தான் முடியாது.

நீளம் 52 கி.மீ. சரி. கரையை ஒட்டிய சாலையில் முழுச் சுற்று 140 கி.மீ.க்கு மேல். பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம். மேற்குக் கரையில் கர்ஞானோவுக்கும் ரீவாவுக்கும் நடுவே மலையைக் குடைந்த சுரங்கங்கள் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். சாலை போட்டது 1930 வாக்கில். எதிரெதிரே இரண்டு பேருந்து வந்துவிட்டால் பின்னால் நிற்பவன் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

2016 ஆகஸ்டில் நாங்களும் இதே கணக்கைப் போட்டோம். காலை 9 மணிக்குக் கிழக்குக் கரை ஊரான மால்ச்செசினேயில் கிளம்பி, வடக்கு முனையைச் சுற்றி மேற்குக் கரையில் இறங்கி, சாலோவைத் தொடும்போது பகல் 1 மணி. வழியில் இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று மாறி மாறி வந்ததில் மகள் இரண்டு முறை வாந்தி. முசோலினியின் பொம்மை அரசு 1943 முதல் 1945 வரை அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தது என்று முந்தைய நாள் இரவு முழுக்கப் படித்து வைத்திருந்தேன். வண்டி நிறுத்த இடம் தேடி நாற்பது நிமிடம் சுற்றினோம், கிடைக்கவில்லை, கிளம்பிவிட்டோம். சாலோவைப் பற்றி நேரில் கண்டு நான் சொல்லக்கூடியது அதன் ரவுண்டானாக்கள் மட்டும்.

மேலே போக யாருக்கும் தெம்பில்லை. மதெர்னோவில் கார் ஏற்றும் படகு நின்றிருந்தது. டிக்கெட் வாங்கி ஏற்றினேன். அரை மணி நேரத்தில் எதிர்க்கரை, தோர்ரி. கதவைத் திறந்து மேல்தளத்தில் காற்றில் நின்றோமே, அந்த அரை மணி நேரம்தான் அன்றைக்கு எங்களுக்கு விடுமுறை.

அதனால் மூன்று ஊர்த் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். நாலு வயதுக் குழந்தையையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டி கட்டுவது வேலை. ஒரே ஊர், ஆறு இரவு. சுற்றிக் காட்டும் வேலையைப் படகிடம் விட்டுவிடுங்கள்.

மார்ச் 9, இரவு

எந்த ஊர் என்று கேட்டிருக்கிறீர்கள். வடக்கும் தெற்கும் ஒரே ஏரி என்று நினைக்காதீர்கள். வடக்கே அது இரண்டு மலைச்சுவருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆறு மாதிரி. தெற்கே விரிந்து 17 கி.மீ. அகலம். எதிர்க்கரை வெயில் புகையில் மறைந்துவிடும். கடல் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். கரையும் மூன்று நிர்வாகம்: மேற்கு லோம்பார்தியா, கிழக்கு வெனேத்தோ, வட முனை திரெந்தினோ.

என் ஓட்டு வடக்குக்கு. தோர்போலே அல்லது ரீவா. தண்ணீர் தெளிவு, காற்று உண்டு, கொசு குறைவு. ரீவா பக்கத்தில் வரோனே அருவி இருக்கிறது, பாறைப் பிளவுக்குள் நடந்துபோய்ப் பார்க்கலாம். திரெந்தினோ பகுதித் தண்ணீரில் தனியார் மோட்டார் படகுக்குத் தடை, அதனால் குளிக்கும் இடத்தில் டீசல் நாற்றம் கிடையாது. தெற்கே ஆகஸ்டில் சிர்மியோனே கோட்டை வாசலில் நின்றால் தேர்த்திருவிழாதான்.

மார்ச் 11

மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வீட்டில் படித்துவிட்டு, “அவர் அம்மாவுக்கு முட்டிவலி என்று எழுதியிருக்கிறார், நீங்கள் உங்களுக்கு ஊர் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்” என்றாள். உண்மைதான். எனக்குப் பாய்மரப் பலகைப் பைத்தியம். அதற்குத் தோர்போலே சொர்க்கம். உங்கள் அம்மாவுக்கு அங்கே என்ன வேலை?

வடக்கே கரையைவிட்டு நூறு அடி நகர்ந்தால் ஏற்றம். வாடகை வீடுகள் பாதிக்கு மேல் மேட்டில். “ஏரி தெரியும் பால்கனி” என்று விளம்பரம் போட்டால் அதற்கு “எழுபது படி ஏற வேண்டும்” என்று நான் பொருள் வைத்திருக்கிறேன். தண்ணீரும் வடக்கே குளிர்ச்சி அதிகம். ஏரியின் ஆழம் 346 மீட்டர். நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு 65 மீட்டர்தான் மேலே. அப்படியென்றால் அடித்தரை கடல் மட்டத்துக்கும் கீழே 280 மீட்டர். அவ்வளவு தண்ணீர் வெயிலில் லேசில் சூடாகாது.

உங்கள் குடும்பத்துக்குத் தென்கிழக்குக் கரை. லாசீசே, பர்தொலினோ, கார்டா மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மூன்றையும் இணைத்துத் தண்ணீரை ஒட்டியே சமதளமாக நடைபாதை. தள்ளுவண்டியும் போகும், முட்டியும் போகும். பத்தடிக்கு ஒரு பெஞ்சு, மர நிழல். மூன்றிலும் படகுத்துறை உண்டு. நானாக இருந்தால் பர்தொலினோ. ஒயினுக்குப் பேர்போன ஊர் என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 12

“போடென்ஸே ஏரி நம் வாசலிலேயே இருக்க, ஆல்ப்ஸ் மலையில் பிரென்னர் கணவாய் தாண்டி எதற்குப் போக வேண்டும்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். அது கார்டாவைவிடப் பெரிது, சுமார் 536 சதுர கி.மீ., இது 370. மூன்று நாடு தொடும். மியூனிக்கிலிருந்து அதன் கரையில் இருக்கும் லிண்டாவுக்கு ரயிலிலேயே போய்விடலாம். ஆனால் அங்கே மழை வந்தால் மூன்று நாள் வரும். 2019இல் ஒரு வாரம் லிண்டாவில் எடுத்து ஐந்து நாள் சீட்டாடினோம். மனைவி இன்னும் ரம்மியில் எனக்கு 400 புள்ளி கடன் வைத்திருக்கிறாள்.

குழந்தைக் குளியல் மட்டுமே குறிக்கோள் என்றால் ஹங்கேரியின் பலாட்டோன். 77 கி.மீ. நீளம், சராசரி ஆழம் மூன்று மீட்டர் சொச்சம்தான். தென்கரையில் அரை மணி நேரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர் என்று போய்வந்த நண்பர் சலித்துக்கொண்டார். அது இன்னொரு பயணம். இங்கே கார்டா.

மார்ச் 16

ஆகஸ்ட் 9 சனிக்கிழமை காலை கிளம்புகிறோம் என்று எழுதியிருப்பதை அன்றைக்கு நான் சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் முதல் வரியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மாற்றுங்கள். ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ, இத்தாலி மொத்தமும் தண்ணீர்ப் பக்கம் கிளம்பும் நாள். இந்த வருடம் வெள்ளிக்கிழமை வேறு. அந்த வாரத்தில் வீட்டு வாடகை உச்சம், பிட்சாக் கடையில் வரிசை, கரையில் துண்டு விரிக்க இடம் பிடிக்கக் காலை எட்டு மணிக்கே ஆள் அனுப்ப வேண்டும். நாம் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இருப்பதன் ஒரே லாபம் பள்ளி விடுமுறை செப்டம்பர் நடு வரை நீள்வதுதான். ஆகஸ்ட் 31 ஞாயிறு கிளம்பி செப்டம்பர் முதல் வாரம் இருங்கள். இத்தாலியர்கள் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். தண்ணீர் கோடை முழுக்கச் சூடானது, சீக்கிரம் ஆறாது. எங்கள் ஐந்து பயணத்தில் நன்றாக அமைந்தது செப்டம்பரில் போன ஒன்றுதான்.

அம்மா விசா அதுவரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசாவில் இத்தாலிக்குப் போக இன்னொரு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டை மட்டும் வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தங்கும் இடத்தில் எல்லோருடைய அடையாள அட்டையையும் கேட்டுப் போலீசில் பதிவு செய்வார்கள். திரும்பும்போது ஜெர்மன் எல்லையிலும் நிறுத்திப் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 6

தேதி மாற்றி, பர்தொலினோவில் இரண்டு அறை வீடு எடுத்துவிட்டேன் என்று தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. இப்போது மின்சாரக் கதை.

இத்தாலியில் சாதாரண வீட்டு மின்இணைப்பு 3 கிலோவாட். அது எவ்வளவு என்று 2018 வரை எனக்குத் தெரியாது. மால்ச்செசினேயில் வாடகை வீடு, வந்த முதல் நாள் இரவு. ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ரைஸ் குக்கரைப் போட்டேன். மனைவி தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலைத் தட்டினாள். மகள் உள்ளே முடி உலர்த்தும் கருவியைப் போட்டாள். டக். வீடே இருட்டு. வீட்டுக்குள் இருந்த ஃபியூஸ் பெட்டியில் எல்லாச் சுவிட்சும் மேலேதான் இருக்கிறது. வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து எதிர்வீட்டுப் பாட்டி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்த் தெருவாசல் சுவரில் இருந்த சின்னத் தகரக் கதவைத் திறந்து காட்டினார். மீட்டர் அங்கே. அதில்தான் முதன்மைச் சுவிட்சு. தூக்கிவிட்டதும் வெளிச்சம். அரிசி பாதி வெந்து நின்றிருந்தது. அதைக் கஞ்சியாக்கிக் குடித்தோம்.

எனவே வீட்டுக்குள் நுழைந்ததும் வைஃபை கடவுச்சொல் கேட்பதற்கு முன்னால் மீட்டர் எங்கே என்று கேளுங்கள்.

அடுப்பு இண்டக்ஷனா, கேஸா என்று இப்போதே கேட்டு எழுதுங்கள். அலுமினியக் குக்கரை 400 கி.மீ. தூக்கிப்போய் இண்டக்ஷன் மேல் வைத்துப் பார்த்த ஆள் நான். அது ஏதோ வெறும் மேஜை போலச் சும்மா இருந்தது.

ஏப்ரல் 7

திருத்தம். முடி உலர்த்தியது மகள் அல்லவாம், நான்தானாம். வீட்டில் சாட்சி இருக்கிறது.

ஏப்ரல் 20

அம்மாவின் சாப்பாடு. இதில் நிறையப் பேர் ஏமாறுவது சீஸ். பார்மஜானோ, கிரானா பதானோ இரண்டும் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்து உறைய வைப்பவை. சுத்த சைவம் என்றால் இவை சேராது. பாஸ்தாவில் கலக்கும் பெஸ்தோ என்ற பச்சைச் சட்னியிலும் வழக்கமாக இவற்றில் ஒன்றைப் போடுவார்கள். என் மாமியார் வந்தபோது மூன்று நாள் பெஸ்தோ பாஸ்தா வாங்கிக் கொடுத்து நாலாம் நாள் இதைப் படித்தேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படிக்கும் யாரும் சொல்ல வேண்டாம்.

பிட்சா மரினாரா என்று ஒன்று உண்டு. தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய், சீஸே கிடையாது. எந்தக் கடையிலும் விலை குறைந்ததும் அதுதான். கொஞ்சம் மிளகாய் எண்ணெய் கேட்டு விட்டுக்கொண்டால் அம்மா சாப்பிடுவார். பொட்டலத்தில் விற்கும் காய்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமையும் தண்ணீரும்தான். கடையில் அன்றன்று செய்யும் பாஸ்தாவில் முட்டை இருக்கும். மினெஸ்த்ரோனே சூப்பைக் காய்கறி சூப் என்று நம்பி வாங்காதீர்கள், பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கே போனால் கனேதெர்லி என்று ரொட்டி உருண்டை வரும், பார்க்கக் கொழுக்கட்டை போலிருக்கும், உள்ளே பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு.

பில்லில் தலைக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ யூரோ “கோபெர்த்தோ” என்று சேர்த்திருப்பார்கள். ஏமாற்று அல்ல, மேஜைக் கட்டணம். அதற்காகச் சண்டை போட்டு என் நண்பர் ஒருவர் கடையில் பெயர் வாங்கியிருக்கிறார்.

சிறியவர்களுக்குக் கவலை இல்லை. ஐஸ்கிரீம் அங்கே மூன்று வேளை உணவு.

மற்றபடி அரிசி, பருப்பு, ரசப்பொடி, புளி, ஊறுகாய் கொண்டுபோங்கள். தயிர் அங்கேயே கிடைக்கும். மதியம் கரையில் ஆலிவ் மர நிழலில் தயிர்சாதம். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் எட்டிப் பார்த்து, அரிசிப் பாயசமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி மாங்காய் ஊறுகாயோடு ஒரு கரண்டி கொடுத்தேன்.

மே 11

தம்பி குழந்தைகளுக்குக் காற்றடைத்த மிதவை வாங்கிவிட்டதாகப் படத்தோடு எழுதியிருக்கிறார். அன்னப்பறவை. எங்களிடமும் ஒன்று இருந்தது.

கார்டாவில் காற்றுக்கு நேரம் உண்டு. விடியலுக்கு முன்பிருந்து வடக்கேயிருந்து தெற்காக வீசுவது பெலேர். காலை பத்து பதினொன்றுக்கு அது செத்துவிடும். சிறிது நேரம் ஏரி கண்ணாடி. நல்ல வெயில் நாளில் மதியம் கிளம்பித் தெற்கேயிருந்து வடக்காக அடிப்பது ஓரா. சமவெளியும் மலையும் ஒன்றுபோல் சூடாவதில்லை, அந்த வித்தியாசம்தான் காற்று. வடக்கே போகப்போக இரண்டு மலைக்கும் நடுவே குறுகி வேகம் பிடிக்கும். தோர்போலேயில் உலகத்தார் எல்லாம் பாய்மரம் பிடிக்க வருவது இதற்காகத்தான்.

எங்கள் அன்னத்தை இழுத்துப் போனது ஓரா. மால்ச்செசினே, மதியம் இரண்டு மணி. மகள் அதிலிருந்து இறங்கி ஐஸ்கிரீம் கேட்டு ஓடி வருகிறாள், நான் ஒரு கையில் கயிற்றைப் பிடித்திருக்கிறேன், மறு கையால் பர்ஸை எடுக்கிறேன். அவ்வளவுதான். தண்ணீர் மேல் சறுக்கிக்கொண்டு வடக்கே போனது. நீந்தி எட்டிப் பிடிக்கலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன், மனைவி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். பத்து நிமிடத்தில் வெள்ளைப் புள்ளி. மகள் அழுதாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு காரணத்துக்கு. ஐந்து நிமிடம் முன்னால் அவள் அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

தெற்கே காற்று இவ்வளவு கிடையாது. இருந்தாலும் நாலு வயதுப் பையனுக்கு அன்னம் வேண்டாம். உடம்போடு பூட்டும் மிதவைச் சட்டை வாங்குங்கள். அன்னத்தைப் பால்கனியில் வைத்துக்கொள்ளட்டும்.

இந்தக் காற்றில் மாட்டிய பெரிய ஆள் ஒருவர் உண்டு. 1786 செப்டம்பரில் ஜெர்மன் கவி கதே தோர்போலேயிலிருந்து விடிகாலை மூன்று மணிக்கு இரண்டு படகோட்டிகளோடு தெற்கே கிளம்பினார். முதலில் காற்று பின்னாலிருந்து தள்ளியது. பொழுது ஏறியதும் எதிர்க்காற்று, துடுப்பு போட்டும் நகரவில்லை, மால்ச்செசினேயில் ஒதுங்க வேண்டியதாயிற்று. பெலேர் போய் ஓரா வந்த கதைதான். ஒதுங்கிய இடத்தில் சும்மா இராமல் பாழடைந்த கோட்டையைப் படம் வரைந்தார். அப்போது அது வெனிஸ் எல்லையூர், அடுத்தது ஆஸ்திரிய ஆட்சிப் பகுதி. ஒற்றன் என்று ஊர் கூடிவிட்டது. ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்த்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் பேசிப் பார்த்து, இவர் அந்த ஊர் ஆள்தான் என்று உறுதி சொன்ன பிறகு விட்டார்கள். இன்றைக்கு அதே கோட்டையில் அவருக்கு ஓர் அறையே ஒதுக்கியிருக்கிறார்கள்.

மே 12

“எலுமிச்சையின் பெயரையே வைத்துக்கொண்ட ஊர் லிமோனே, அங்கே கட்டாயம் போங்கள்” என்று ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். பெயர் எலுமிச்சையால் வந்ததாகத் தெரியவில்லை. எல்லை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பதே பலரும் சொல்வது. எலுமிச்சை உண்மை. கதே படகிலிருந்து பார்த்து எழுதிய அடுக்கடுக்கான தோட்டங்கள் அங்கேதான். மலைச்சரிவில் கல் தூண்களை நட்டு, குளிர்காலத்தில் பலகையும் கண்ணாடியும் போட்டு மூடி எலுமிச்சை வளர்த்தார்கள். ஆல்ப்ஸ் அடிவாரத்தில்! நம் ஊரில் வேலியோரம் தானாகக் காய்ப்பதற்கு அங்கே கல்லில் மாளிகை.

1930களின் தொடக்கத்தில் சாலை வரும்வரை அந்த ஊருக்குப் படகிலோ மலைமேல் நடந்தோதான் போக முடியும். அப்படி ஒதுங்கிக் கிடந்ததில் இன்னொரு விஷயமும் நடந்தது. அந்த ஊர்க்காரர் சிலரின் ரத்தத்தில் மாரடைப்பிலிருந்து காக்கும் ஒரு புரத வகையை மிலான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது பரம்பரையாக வருவது. அங்கே எலுமிச்சை ஐஸ்கிரீம் தின்றால் நமக்கு வராது. நான் முயன்றிருக்கிறேன்.

பர்தொலினோவிலிருந்து மால்ச்செசினேக்குப் படகில் போய், அங்கிருந்து இருபது நிமிடத்தில் லிமோனே. கார் வேண்டாம்.

ஜூன் 22

சாலை. மியூனிக்கிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு முன்னே பின்னேதான், ஆனால் பிரென்னர் மனது வைக்க வேண்டும்.

ஆஸ்திரியாவுக்கு வின்யெட், அதாவது நெடுஞ்சாலைக் கட்டண வில்லை, வேண்டும். பிரென்னர் நெடுஞ்சாலைக்கு அது போதாது, தனிச் சுங்கம். இத்தாலியில் ஷ்டெர்ட்ஸிங் சுங்கச்சாவடியில் சீட்டு எடுத்து, இறங்கும் இடத்தில் பணம். தானாகப் பணம் கழிக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கான மஞ்சள் நிற டெலிபாஸ் தடத்தில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள். பர்தொலினோவுக்கு இறங்குவது அஃப்பி. ரீவா பக்கம் போகிறவர்களுக்கு ரோவெரேத்தோ தெற்கு.

இந்த வருடம் இன்னொன்று. பிரென்னருக்குச் சற்று முன்னால் ஆஸ்திரியப் பக்கம் லூக் பாலம் பழுது. ஜனவரியிலிருந்து ஒரு திசைக்கு ஒரே தடம், நெரிசல் நாட்களில் மட்டும் இரண்டு தடம் திறக்கிறார்கள். ஞாயிறு கிளம்பச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம். விடிகாலை மூன்று மணிக்கு வண்டியை எடுங்கள். கதே எடுத்த நேரம்தான். பிள்ளைகள் தூக்கத்திலேயே இன்ஸ்ப்ரூக்கைத் தாண்டிவிடுவார்கள்.

அப்புறம் இஸட்.டி.எல்., வெளி வண்டிகள் நுழையக் கூடாத பகுதி. பழைய ஊர் வாசலில் வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை, மேலே கேமரா. உள்ளூர் அனுமதி உள்ள வண்டி மட்டும். தடுப்புக் கம்பி எதுவும் இருக்காது, அதுதான் சூது. ஒரு ஊரில், பெயர் வேண்டாம், பெட்டியை இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்று இரண்டு நிமிடம் நுழைந்தேன். நவம்பரில் வீட்டுக்குக் கடிதம், நல்ல ஜெர்மனில். வெளியே வரும் வழியில் இன்னொரு கேமரா இருந்திருக்கிறது. அதற்குத் தனிக் கடிதம், டிசம்பரில். வீடு உள்ளே இருந்தால் வண்டி எண்ணை முன்கூட்டியே பதிந்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

நிறுத்துமிடம்: நீலக் கோடு காசு, வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு நமக்கில்லை.

ஜூன் 23

கார் இல்லாதவர்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஏரிக்கரையில் ரயில் நிலையம் இரண்டே: பெஸ்கியேரா, தெசென்சானோ. இரண்டும் தென்முனை, மிலான்–வெனிஸ் பாதையில். மியூனிக்கிலிருந்து வெரோனாவுக்கு நேரடி ரயில் ஐந்தரை மணி நேர அளவு, அங்கே மாறிப் பெஸ்கியேரா. வடக்கே போக ரோவெரேத்தோவில் இறங்கிப் பேருந்து. ரீவாவுக்கே ஒரு சின்ன ரயில் ஓடியது, 1936இல் நிறுத்திவிட்டார்கள்.

தெசென்சானோவில் இறங்கிப் படகிலேயே ரீவாவுக்குப் போய்விடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சாதாரணப் படகு ஊர் ஊராக நின்று நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஒருமுறை வேண்டுமென்றே போனேன், புத்தகத்தோடு. அது வேறு.

ஜூலை 13

வெனிஸை இன்னும் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். பெஸ்கியேராவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், சரி. ஆனால் வெனிஸில் பத்து நிமிடத்துக்கு ஒரு பாலம், ஒவ்வொரு பாலமும் படி ஏறிப் படி இறங்க. அம்மா முட்டி. அதோடு நின்றது.

வெரோனா வைத்துக்கொள்ளுங்கள், ஊர் சமதளம். ரோமானிய அரங்கில் கோடையில் ஓபரா என்ற இசைநாடகம், 1913இல் ‘ஐடா’ என்ற நாடகத்தோடு தொடங்கியது. செப்டம்பர் தொடக்கம் வரை இருக்கும். இருட்டிய பிறகு ஆரம்பித்து நள்ளிரவைத் தாண்டும். மலிவு டிக்கெட் என்றால் கல் படியில் உட்கார வேண்டும், தலையணை இல்லாமல் ஒரு அங்கம்கூடத் தாங்காது. நாலு வயதுப் பையனோடு வேண்டாம். பகலில் அரங்கைச் சுற்றிவந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்புங்கள்.

சிர்மியோனேக்குப் படகில் காலையிலேயே. முனையில் இருக்கும் ரோமானிய இடிபாட்டைக் கத்துல்லுஸின் குகைகள் என்பார்கள். குகையும் அல்ல, கத்துல்லுஸினுடையதும் அல்ல. அந்தக் கவி இறந்த பிறகு கட்டிய மாளிகை. அவருக்கு இந்த ஊரில் வீடு இருந்தது, கவிதையும் எழுதினார், அது நிஜம்.

மோன்தே பால்தோ மலைக்குப் போகும் கம்பிவட வண்டிக்கு டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். மால்ச்செசினேயிலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே. இரண்டாம் கட்டத்தில் பெட்டியே மெதுவாகச் சுழலும், சன்னலுக்கு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கீழே 28 டிகிரி என்று அரைக்கையில் ஏறினால் மேலே பல் கிட்டும். அம்மாவுக்கு ஸ்வெட்டர், சால்வை இரண்டும்.

ஆகஸ்ட் 3

ரப்பர் செருப்பு வாங்கியாகிவிட்டதா? கரை முழுக்கக் கூழாங்கல். வெறுங்காலோடு தண்ணீருக்குள் இறங்கினால் ஒவ்வொருவரும் பரதநாட்டியம் ஆடிக்கொண்டுதான் போவார்கள். நல்ல பிடிப்புள்ள, தண்ணீரில் கழன்று ஓடாத வகை. அம்மாவுக்கும் ஒன்று.

கொசுவர்த்தியும். தெற்கே போகச் சொன்னவன் நான், கொசுவைச் சொல்லாமல் விட்டால் பாவம். பகலிலேயே கடிக்கும் புலிக்கொசு.

செப்டம்பர் 7

தம்பி திரும்பி வந்துவிட்டார், நீளமாக எழுதியிருக்கிறார். ஆறு நாளில் காரை இரண்டே முறை எடுத்தார்களாம், ஒருமுறை கார்டாலாண்டுக்கு, ஒருமுறை கடைக்கு. கார்டாலாண்டில் பையன் முதல் சவாரியிலேயே பயந்துபோய் மீதி நாளெல்லாம் மணலில் விளையாடியிருக்கிறான். வெரோனா போகவே இல்லை. லிமோனே போகிற படகில் அம்மா முன்பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்தவர், “காவிரியில் இப்படித் தண்ணீர் நின்றால் எப்படி இருக்கும்” என்று சொல்லிவிட்டு மால்ச்செசினே வரும்வரை பேசவில்லையாம். மரினாரா பிட்சா நாலு முறை. அன்னம் மியூனிக்கிலேயே இருந்தது.

ஒரு குறை சொல்லியிருக்கிறார். நடைபாதையில் பத்தடிக்கு ஒரு பெஞ்சு என்று நான் எழுதியது பொய்யாம், அம்மா எண்ணிப் பார்த்தாராம். சரி, முப்பதடி.

முதல் நாள் இரவு ரைஸ் குக்கரும் ஏசியும் ஓடும்போது மகள் கெட்டிலைத் தட்டியிருக்கிறாள். டக். தம்பி டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராகப் போய்ச் சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். மீட்டர் மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள்களுக்குப் பின்னால் இருந்ததாம்.